சோப்புக் குமிழிக்குள் ஈரக்கை: பாஸ்டன் சிறார் அருங்காட்சியகம், ஒரு நிகழ்வு ஆய்வு

சோப்புக் குமிழியை உலர்ந்த விரலால் தொட்டால் உடைந்துவிடும். அதே விரலைச் சோப்புத் தண்ணீரில் முக்கியெடுத்துத் தொட்டால் விரல் உள்ளே போய்விடும். குமிழிக்கு ஒன்றும் ஆகாது. பெரிய குமிழியாக இருந்தால் மணிக்கட்டு வரை நுழைத்து, உள்ளே விரல்களை ஆட்டிக்கூடப் பார்க்கலாம். உலர்ந்த தோல் பட்ட இடத்தில் படலம் அறுந்துபோகிறது. ஈரத்தோலோடு படலம் ஒட்டிக்கொண்டு தொடர்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

இதை ஒரு நாலு வயதுக் குழந்தைக்குச் சொல்ல ஐந்து நொடி போதும். அதுவே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டால் பத்து நிமிடம் ஆகும். அதற்குள் முப்பது குமிழி உடையும், சட்டை நனையும், தரை வழுக்கும், கூட வந்தவர் இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அறிவியலையும் கலையையும் கையால் பழகவிடும் சிறார் அருங்காட்சியகம் என்பது அந்த ஐந்து நொடியைக் கொடுத்துவிட்டுப் பத்து நிமிடத்தை வாங்கிக்கொள்ளும் வியாபாரம். இதில் எங்கே லாபம், எங்கே ஒழுக்கு என்று கணக்குப் பார்க்க அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள சிறார் அருங்காட்சியகத்தை எடுத்துக்கொள்கிறேன். தொடக்கத்தில் கண்ணாடிப் பெட்டிகள் வைத்திருந்த இடம் அது. பிறகு தன்னையே கழற்றி வேறு விதமாகப் பூட்டிக்கொண்டது. இரண்டு நிலைகளையும் ஒரே பெயரின் கீழ் பார்க்க முடிவதுதான் அதன் வசதி.

1962க்கு முன்

சிறுவர்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் என்பது முதலில் நடந்தது நியூயார்க்கின் புரூக்ளினில், 1899 டிசம்பரில். பாஸ்டனில் அந்த வேலையைத் தொடங்கியவர்கள் அறிவியல் ஆசிரியர்கள். 1913இல் ஜமைக்கா குளத்தங்கரையில் பைன்பேங்க் என்ற மாளிகையில் அவர்கள் திறந்த இடத்தில் பெரிய காட்சிப் பெட்டிகள் இரண்டு. ஒன்றில் பறவைகள், மற்றதில் கனிமங்களும் கிளிஞ்சல்களும். பெட்டிகள் குழந்தையின் கண் உயரத்தில் இருந்தன. குறிப்புகள் எளிய சொற்களில் இருந்தன. இன்றைக்கு இதைப் படித்துவிட்டுச் சிரிப்பது சுலபம். அன்றைய பெரிய அருங்காட்சியகங்கள் பலவற்றில் பத்து வயதுப் பிள்ளை எக்கிப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும் என்பதை நினைத்துக்கொண்டால் சிரிப்பு அடங்கிவிடும். 1936இல் அருகிலேயே வேறொரு வீட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். பெட்டிகளும் கூடவே போயின.

தொடவிடுவதும் அப்போது உலகத்துக்குப் புதிதல்ல. மியூனிக்கின் ஜெர்மன் அருங்காட்சியகத்தில் கைப்பிடியைச் சுற்றினால் இயங்கும் மாதிரிகள் அதற்கு முன்பே வந்துவிட்டன. லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1931இலேயே சிறுவர்களுக்கென்று ஒரு கூடம் திறந்திருந்தது. ஆகவே 1960களில் பாஸ்டன்தான் ‘தொடாதே’ பலகையை முதலில் கழற்றியது என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம். அங்கே நடந்தது வேறு.

வெட்டித் திறந்த பொருட்கள்

1962இல் இயக்குநராக வந்த மைக்கேல் ஸ்பாக்குக்கு அப்போது முப்பது வயதுகூட நிரம்பவில்லை. குழந்தை வளர்ப்பு நூலால் உலகப் புகழ் பெற்ற மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக்கின் மகன். தந்தையின் பெயரைவிட இந்த ஆய்வுக்கு முக்கியமானது இன்னொன்று: சிறு வயதில் அவருக்கு வாசிப்புக் குறைபாடு இருந்தது, டிஸ்லெக்சியா. பொருளுக்குப் பக்கத்தில் ஒரு பத்தி எழுதி வைத்துவிட்டு ‘விளக்கியாயிற்று’ என்று நகர்ந்துவிடும் அருங்காட்சியகத்தில், எழுத்து பிடிபடாத பிள்ளை என்ன செய்யும்? இந்தக் கேள்வியைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை அவருக்கு இல்லை.

1964இல் அவர் கொண்டுவந்த காட்சியின் பெயர் ‘உள்ளே என்ன?’. அன்றாடம் புழங்கும் பொருட்களை வெட்டித் திறந்து வைத்தார்கள். அரிய பொருள் ஒன்றுமில்லை. பழைமையானதும் இல்லை. வீட்டிலும் தெருவிலும் கிடப்பவைதான். ஆனால் நம்மில் யாரும் அவற்றின் உள்ளே பார்த்ததில்லை.

என் கணக்குக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். கழிவறைத் தண்ணீர்த்தொட்டியின் ஒரு பக்கத்தை அறுத்துக் கண்ணாடி பொருத்தி, கைப்பிடியை ஒரு குழந்தையிடம் கொடுத்தால் என்ன நடக்கும்? முதல் இழுப்பில் சத்தம்தான் பிடிக்கும். இரண்டாவதில் அடியிலுள்ள ரப்பர் மூடி எழும்புவது கண்ணில் படும். நாலைந்து இழுப்புக்குப் பிறகு பார்வை மேலே ஏறும்: தண்ணீர் இறங்க இறங்க மிதவை இறங்குகிறது, மிதவை இறங்கினால் குழாய் திறக்கிறது, தண்ணீர் ஏறினால் மிதவையும் ஏறிக் குழாயைத் தானே மூடிவிடுகிறது. யாரும் தொடாமல் தானே நிறுத்திக்கொள்ளும் பொருள்! இந்த இடத்தில் குழந்தை செய்யும் அடுத்த காரியம் கிட்டத்தட்ட நிச்சயம்: தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போதே மிதவையைக் கையால் அழுத்திப் பிடிக்கும். தண்ணீர் நிற்காது. பின்னூட்டக் கட்டுப்பாடு என்று பொறியியல் மாணவருக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டும் பாடம் இது. இங்கே அதற்குப் பெயர் இல்லை, நனைந்த கைதான் இருக்கிறது.

நான் கவனிக்கச் சொல்வது இன்னொன்று. குழந்தைக்குப் பக்கத்தில் நிற்கும் அப்பாவும் அந்தத் தொட்டியை வாழ்நாளெல்லாம் இழுத்திருக்கிறார், உள்ளே பார்த்ததில்லை. அந்த ஒரு மேசையில் இருவரும் ஒரே வகுப்பு. இதைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன், இந்த ஆய்வின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

ஸ்பாக் வலியுறுத்திய வேறுபாடு அருங்காட்சியக வட்டாரத்தில் பலருக்கும் தெரியும்: அருங்காட்சியகம் ‘எதைப் பற்றியது’ என்று கேட்பது ஒன்று, ‘யாருக்கானது’ என்று கேட்பது இன்னொன்று. கேட்க நல்ல வாசகம்போல் இருக்கிறது, ஆனால் பின்பற்றினால் வலிக்கும். கனிமங்களைப் பற்றிய இடமென்றால் கனிமம் அசல்தானா, அரியதுதானா என்பதே அளவுகோல். குழந்தைக்கான இடமென்றால் கனிமம் ஒரு கருவி, வேலை செய்யவில்லையென்றால் தூக்கி உள்ளே வைத்துவிட வேண்டும். சேகரிப்பைப் பேணியே வாழ்நாளைக் கழித்த ஒருவருக்கு இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி மாறியதும் பட்டியலும் மாறியது. பள்ளிகளுக்கு இரவலாகப் போகும் பெட்டிகள் 1960களிலேயே தயாராயின. அசல் பொருட்கள், படங்கள், ஆசிரியருக்கான வழிகாட்டி எல்லாம் சேர்ந்த பெட்டி. பண்டைய கிரேக்க வீடு பற்றிய பெட்டியில் பிள்ளைகள் தொல்லியல் ஆய்வாளரைப்போல், கிடைத்த பொருட்களை வைத்து அங்கே வாழ்ந்தவர்களைப் பற்றி ஊகிக்க வேண்டும். 1984இல் மரணத்தையும் இழப்பையும் பற்றி ஒரு காட்சியே வைத்தார்கள். ‘எதைப் பற்றி’ என்று தொடங்கும் எந்த நிறுவனமும் அந்தத் தலைப்புக்குப் போயிருக்காது. யாருக்காக என்று தொடங்கினால் போகாமல் இருக்க முடியாது, ஏனென்றால் தாத்தா எங்கே போனார் என்று குழந்தைகள் கேட்கத்தான் செய்கிறார்கள்.

கம்பளிக் கிடங்கில்

1979இல் அருங்காட்சியகம் துறைமுக ஓரத்துக்கு இடம் மாறியது. ஃபோர்ட் பாயின்ட் கால்வாயை ஒட்டிய பழைய கம்பளிக் கிடங்கு. மூட்டை தாங்கக் கட்டிய தளங்கள், தடித்த தூண்கள். ஓடும் பிள்ளைகளுக்கு மாளிகையைவிடக் கிடங்கு எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

அங்கே வந்து சேர்ந்தவற்றில் ஒன்று ஜப்பானிய வீடு. பாஸ்டனின் சகோதரி நகரமான கியோட்டோ அன்பளிப்பாகக் கொடுத்தது. மாதிரி அல்ல, கியோட்டோவில் மனிதர்கள் வாழ்ந்த மாடி வீடு. பிரித்துக் கொண்டுவந்து திரும்பக் கூட்டினார்கள். வாசலில் காலணியைக் கழற்றினால்தான் உள்ளே போகலாம். மறுபடி அதே சமநிலை: எங்கே உட்காருவது, கதவை எந்தப் பக்கம் தள்ளுவது என்று பெரியவருக்கும் தெரியாது.

பெர்னி சுப்ரோவ்ஸ்கியின் பெயர் இங்கே வர வேண்டும். சோப்புக் குமிழி, உருளும் பந்து, ஓடும் நீர் என்று மலிவான பொருட்களை வைத்து அங்கே நெடுங்காலம் வேலை செய்தவர். அவர் பாணி மேசைகளின் நகல்கள் இன்று எத்தனையோ அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. பந்துப் பாதையை மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம்.

ஒரு சரிவு, அதன் அடியில் ஒரு செங்குத்து வளையம், பிறகு வெளியே போகும் பாதை. பந்தை எந்த உயரத்தில் விடுவது என்பது மட்டும் குழந்தையின் கையில். வளையத்தின் ஆரம் 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உச்சி 20 சென்டிமீட்டரில் இருக்கும். பெரும்பாலானோர் முதலில் பந்தை வைப்பது அதே 20இல். நியாயமான ஊகம்தான், எவ்வளவு உயரத்திலிருந்து வருகிறதோ அவ்வளவு உயரம் ஏறும் அல்லவா? பந்து வளையத்தில் முக்கால்வாசி ஏறி, பாதையைவிட்டுக் கழன்று ‘டொக்’கென்று விழும். உச்சியைத் தொடுவது போதாது. உச்சியிலும் வேகம் மிச்சமிருந்தால்தான் பந்து பாதையோடு ஒட்டியிருக்கும். உராய்வே இல்லாமல் வழுக்கும் பொருளுக்கு ஆரத்தின் 2.5 மடங்கு உயரம் வேண்டும். உருளும் திண்மப் பந்து சுழல்வதற்கும் கொஞ்சம் ஆற்றலைச் செலவிடுவதால் 2.7 மடங்கு, அதாவது 27 சென்டிமீட்டர். நடைமுறையில் இழப்பையும் சேர்த்தால் இன்னும் சற்று மேலே.

இந்த மேசையின் அழகு, தோல்வி எங்கே நடந்தது என்று பந்தே காட்டிவிடுவதில்தான். 20இல் விட்டால் ஓரிடத்தில் கழல்கிறது, 23இல் விட்டால் இன்னும் மேலே போய்க் கழல்கிறது. ‘தவறு’ என்று சிவப்பு விளக்கு எரிய வேண்டியதில்லை. இன்னும் எவ்வளவு தூரம் என்பது கண்ணில் தெரிகிறது. பொத்தானை அழுத்தினால் படம் ஓடும் காட்சிகளில் இது கிடையாது. அவை நன்றாக இருக்கலாம். ஆனால் குழந்தையின் கை அங்கே கதவு மணியை அடிக்கிறது, அவ்வளவுதான்.

பராமரிப்பைப் பற்றி ஒரு வரியாவது எழுதாமல் போனால் இந்தத் துறையில் இருப்பவர்கள் மன்னிக்க மாட்டார்கள். ஆயிரம் கைகள் படும் பொருள் உடையும். சான்பிரான்சிஸ்கோவில் 1969இல் எக்ஸ்ப்ளோரட்டோரியம் என்ற அறிவியல் அருங்காட்சியகத்தைத் தொடங்கிய ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் (அணுகுண்டை உருவாக்கிய ஆய்வகத்தை நடத்திய ராபர்ட்டின் தம்பி, அரசியல் காரணத்தால் பல்கலைக்கழக வேலை போய், கொலராடோவில் மாடு வளர்த்து, பிறகு பள்ளியில் பாடம் எடுத்தவர்) இதற்கு ஒரு நேரடியான வழி கண்டார். பட்டறையைப் பின்னறையில் ஒளிக்காமல் கூடத்திலேயே, எல்லோரும் பார்க்கும்படி வைத்தார். உடைந்ததைச் சரிசெய்வதும் காட்சியாயிற்று. காட்சிப்பொருட்களைச் செய்யும் முறையை 1975 முதல் தொகுதிகளாக வெளியிட்டதால் உலகெங்கும் நகல்கள் முளைத்தன. வாங்கும் நிறுவனங்களில் பல, பொருளுக்குப் பணம் ஒதுக்கிவிட்டு, அதைச் சரிசெய்யும் ஆளுக்கு ஒதுக்க மறந்துவிடுகின்றன. ‘தற்காலிகமாக இயங்கவில்லை’ அட்டை நிரந்தரமாகத் தொங்குவது அதனால்தான்.

கலை மேசை ஏன் சோர்ந்துபோகிறது

அறிவியல் மேசைகளை இவ்வளவு யோசித்துச் செய்யும் இடங்களில்கூடக் கலை மேசை பெரும்பாலும் ஏமாற்றமாக இருக்கிறது. அச்சிட்ட மீன், வெட்டு, வண்ணம் தீட்டு, வீட்டுக்கு எடுத்துப் போ. முப்பது பிள்ளைகளிடமிருந்து முப்பது ஒரே மீன். வீட்டுக்குக் கொண்டுபோக ஒன்று வேண்டும் என்ற நிர்ப்பந்தம் கலையைக் கொன்றுவிடுகிறது. பந்துப் பாதையில் யாரும் எதையும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை, அதனால் அங்கே விடை முன்கூட்டியே வெட்டிவைக்கப்படவில்லை.

பாஸ்டனில் இதற்கு ஒரு மாற்று இருந்தது: தொழிற்சாலைகளில் எஞ்சும் உதிரிகளை வாங்கிவந்து, அருங்காட்சியகத்துக்குள்ளேயே ஒரு கடையில் பைக்கணக்கில் கொடுத்தார்கள். ரப்பர் வளையம், நுரைத்துண்டு, எதற்குச் செய்யப்பட்டதென்றே தெரியாத பிளாஸ்டிக் மூடிகள். இன்னதற்கு என்று தெரியாத பொருளில்தான் கை விளையாடத் தொடங்கும். மீனின் வெளிக்கோடு எந்தப் பெரியவருக்கும் தெரியும், இந்த மூடி என்னவாகும் என்று யாருக்கும் தெரியாது.

எக்ஸ்ப்ளோரட்டோரியம் இன்னொரு பக்கமாகப் போனது. 1970களில் கலைஞர்களை உள்ளே அழைத்து, அங்கேயே தங்கி வேலை செய்யவிட்டது. பாப் மில்லரின் ‘சூரிய ஓவியம்’ அப்படி வந்தது: கூரையிலிருந்து வரும் வெயிலை முப்பட்டகங்களால் பிரித்து, கண்ணாடிகளால் திருப்பி, தூய நிறங்களாகச் சுவரில் விழவைப்பது. பார்வையாளர் குறுக்கே வந்தால் அவர் நிழலிலும் நிறம். அது இயற்பியலா ஓவியமா என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. குமிழி மேசைக்கும் இதே குணம் உண்டு. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே குமிழிகளை ஊதினால் சுவர்கள் மூன்று மூன்றாக 120 பாகையில் சந்தித்துத் தேன்கூடாக அடுக்கிக்கொள்ளும். படலம் மெலிய மெலிய நிறங்கள் மாறி, உடைவதற்குச் சற்று முன் கருமையாகும். அடுத்த குமிழி எப்போது உடையும் என்று நிறத்தைப் பார்த்துச் சொல்லப் பழகிய பிள்ளையை இரண்டில் எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

கூட வந்தவரின் கை

ஸ்பாக்கின் கேள்வி ‘யாருக்கானது?’. விடை: குழந்தைக்கு. ஆனால் குழந்தை தனியாக வருவதில்லை. நான் படித்தவரை, இந்த வகை அருங்காட்சியகங்களின் பெரிய ஒழுக்கு இங்கேதான்.

கலிபோர்னியாவில் சான் ஹோசே நகரச் சிறார் அருங்காட்சியகத்தில் கெவின் கிரவுலி, மவ்ரீன் கலனன் முதலிய ஆய்வாளர்கள் குடும்பங்களைக் காட்சிகளின் முன் படம்பிடித்தார்கள். 2001இல் வெளியான முடிவு பலரைத் துணுக்குற வைத்தது. பொருளை எப்படி இயக்குவது என்று பெற்றோர் மகனிடமும் மகளிடமும் ஏறத்தாழ ஒரே அளவு பேசினார்கள். ‘ஏன் இப்படி ஆகிறது’ என்ற விளக்கம் மட்டும் மகன்களுக்கு மூன்று மடங்கு கிடைத்தது. அப்பாக்கள் மட்டுமல்ல, அம்மாக்களும் அப்படியே. பிள்ளைகள் கேட்டதால் வந்த வேறுபாடும் அல்ல. மேசை எல்லோருக்கும் ஒன்றுதான். பேச்சு ஒன்றாக இல்லை.

அப்படியானால் எல்லோருக்கும் நிறைய விளக்கிவிட்டால் தீர்ந்ததா? அங்கேதான் இரண்டாவது இடறல். எலிசபெத் பொனாவிட்ஸும் சக ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில் குழந்தைகளிடம் ஒரு விசித்திர பொம்மையைக் கொடுத்தார்கள். அதில் நாலு வித்தைகள்: இழுத்தால் கீச்சிடும், ஓரிடத்தில் விளக்கெரியும், ஓரிடத்தில் இசை வரும், ஒரு குழாய்க்குள் முகம் பார்க்கும் கண்ணாடி ஒளிந்திருக்கும். ‘இந்தப் பொம்மை இப்படித்தான் வேலை செய்யும், பார்’ என்று கீச்சொலியை மட்டும் முறையாகக் கற்பித்தால், குழந்தைகள் அதையே திரும்பத் திரும்பச் செய்துவிட்டுச் சீக்கிரமே போதும் என்றார்கள். பெரியவர் தற்செயலாகக் கைபட்டு, ‘அட, இது என்ன?’ என்று வியந்த கூட்டத்தில் குழந்தைகள் நீண்ட நேரம் துழாவி மற்ற வித்தைகளையும் கண்டார்கள். வேறொரு குழந்தைக்குக் கற்பிப்பதைப் பக்கத்திலிருந்து கேட்ட பிள்ளைகளும் குறைவாகவே துழாவினார்கள். வரிசையில் நிற்பவர்களுக்கு முன்னால் உரக்க விளக்கும் நல்லெண்ண ஊழியர் ஒருவர் எத்தனை பேரின் பத்து நிமிடத்தை மூடுகிறார் என்று கணக்கிட்டால் வயிற்றைக் கலக்கும்.

எக்ஸ்ப்ளோரட்டோரியம் தன் காட்சிகளையே இப்படி ஒப்பிட்டுப் பார்த்தது. ஒரே ஒரு விளைவைக் கண்டுபிடிக்கும்படி அமைந்த காட்சிகளில் மக்கள் சராசரியாக ஒரு நிமிடத்தைச் சற்றே தாண்டி நின்றார்கள். பல வழியில் முயன்று பார்க்கும்படி அமைத்தவற்றில் மூன்று நிமிடத்துக்கு மேல். மேசையின் அமைப்பே கூட வந்தவரை அடக்கவோ அவிழ்த்துவிடவோ செய்கிறது. ஒரே விடை உள்ள மேசையில் பெரியவர் பலகையைப் படித்துவிட்டு விடையைச் சொல்லிவிடுவார், ஆட்டம் முடிந்தது. அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. பிள்ளை தடுமாறும்போது உதவுவது அவருடைய பழக்கம். பின்னால் இன்னொரு குடும்பம் காத்து நிற்பதும் அவருக்குத் தெரியும்.

பாஸ்டன் இதை முழுவதும் கவனிக்காமல் விடவில்லை. ஜெரி ராபின்சன் அங்கே உருவாக்கிய ‘பிளேஸ்பேஸ்’, கைக்குழந்தை முதல் பள்ளி செல்லாத வயது வரையுள்ளவர்களுக்கான இடம். அங்கே பெற்றோர் சுவரோரம் காத்திருக்கும் பார்வையாளராக இல்லாமல், பிள்ளையைப் பார்த்துப் புரிந்துகொள்ள வந்தவராகவே எண்ணப்பட்டார். மற்றத் தளங்களில் இதற்கு ஈடாக இருந்தவை, திட்டமிட்டு வைத்தார்களா என்று என்னால் சொல்ல முடியாவிட்டாலும், பெரியவரின் கையில் விடை இல்லாத பொருட்கள்தான்: அறுத்த பொருள், செருப்பைக் கழற்றும் வீடு, பெயர் தெரியாத மூடி. பந்துப் பாதை இவற்றைவிட ஒரு படி மேல். அங்கே பெரியவர் தனக்கு விடை தெரியும் என்று நினைத்துப் பிள்ளையின் கையிலிருந்து பந்தை வாங்கி, வளையத்தின் உச்சிக்குச் சமமான உயரத்தில் வைத்து விடுவார். ‘டொக்’. அதற்கப்புறம் இருவரும் ஒரே பந்துக்காகக் குனிவார்கள்.

குமிழி மேசையிலும் இப்படித்தான். ஈரக்கை உள்ளே போகும் என்பது பெரியவர்களில் பலருக்கும் தெரியாது. சட்டைக்கையை மடித்துக்கொண்டு, தரை வழுக்குகிறதே என்று முணுமுணுத்துக்கொண்டு, பிள்ளை சிந்திய சோப்புத் தண்ணீரைக் கையால் வழித்துத் தொட்டிக்குள் தள்ளுவார். அந்தக் கை நனைந்திருக்கும். எதிரே ஒரு குமிழி வரும், தடுக்கக் கையை நீட்டுவார்.